ஒரு நாளும் மிகாமல்

கோப்புகளின் குவியலுக்குள்ளும் ஆளின் முகம் கண்ட அன்புக் கண்ணே! முப்பத்தோராண்டு கலிஃபோர்னியப் பள்ளத்தாக்கின் இச்சிறையில் கைதிகளின் விடுதலை நாளைக் கணித்துத் தந்து, இன்று ஓய்வுபெறும் பதிவறை அலுவலர், பெருமதிப்பிற்குரிய ஆர்டித் கிளேபோர்ன் அம்மையார் அவர்களே! வணக்கம்.

பனிமூட்டம் சாலையை விழுங்கிய காலைகளிலும் எங்களுக்கு முன்பே வந்து அமர்ந்த தங்கள் பொறுப்பையும் பொறுமையையும் பக்கம் பக்கமாகப் புகழ எண்ணினோம். தாங்களோ தடுத்தீர்கள். “பிக்கெட் விஷயத்தையும் எழுதுங்க. இல்லேன்னா நான் மேடைக்கே வரமாட்டேன்” என்றீர்கள். ஆகவே எழுதினோம்.

வெர்னல் பிக்கெட் ஒருகாலத்தில் கடைப் பூட்டை உடைத்துத் திருடியவர். எவர் மீதும் கை வைத்ததில்லை. பரோலில் இருந்தபோது, படுக்கையில் கிடந்த தந்தையைப் பார்த்துக்கொள்ள அனுமதியின்றி அடுத்த மாவட்டத்துக்குக் குடிபோனார். அதற்காக எட்டு மாதம் என்று மீண்டும் உள்ளே அனுப்பப்பட்டார். வன்முறையற்ற குற்றத்தாருக்கு, ஒழுங்காக இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் இன்னொரு நாள் கழியும் என்ற விதி அப்போதுதான் வந்திருந்தது. அவர் நான்கே மாதத்தில் போயிருக்க வேண்டும். ஆனால் கடை உடைத்தது வழிப்பறி என்ற வன்முறைக் குற்றமாகப் பதிவாகி, கழிவு மறுக்கப்பட்டது. இரண்டு முறை மனு எழுதினார். ‘தகுதியில்லை’ என்றே பதில் போயிற்று.

மூன்றாவது மனுவில் இரண்டே வரிகள். “எங்கப்பாவை அடக்கம் பண்ணிட்டாங்க. இப்பவாவது என் ஃபைலைத் திறந்து பாப்பீங்களா?”

திறந்தீர்கள். நீதிமன்றத் தீர்ப்பு அதே கோப்பின் அடியில் இருந்தது. அவர் வெளியேறியிருக்க வேண்டிய நாள் கடந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. தந்தை இறந்து ஒன்பது நாள். கணக்குத் தாளின் கீழே இருந்த கையெழுத்து தங்களுடையது.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. அன்றைய மேலாளர் கார்டோசா கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். “திங்கக்கிழமை முதல் வேலையா முடிச்சிடலாம், ஆர்டித். நீங்களே போய் உங்க தலைல மண்ணை வாரிப் போட்டுக்காதீங்க.”

“திங்கக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு சார். அந்த மூணு நாளும் உங்களதும் இல்ல, என்னோடதும் இல்ல.”

கண்காணிப்பாளரின் கையெழுத்தை நின்ற காலில் வாங்கினீர்கள். ஐந்து மணிக்குப் பிக்கெட்டை வாசல் வரை தாங்களே அழைத்துச் சென்றீர்கள். யாரும் கேட்காமலே சொன்னீர்கள்: “தப்பு என்னோடது. தீர்ப்பைப் படிக்காம கையெழுத்துப் போட்டேன்.”

அவர் கேட்டார்: “பத்து நாள் எங்கப்பாகூட இருந்திருப்பேன். தர முடியுமா உங்களால?”

“முடியாது.”

“அப்போ மன்னிப்பு கேக்காதீங்க. எங்க பிளாக்குல இன்னும் ஆளுங்க இருக்காங்க, அவங்க ஃபைலைப் பாருங்க.”

நீட்டிய கையைத் தொடாமல் போய்விட்டார். தாங்கள் வீட்டுக்குப் போகவில்லை, பதிவறைக்குத் திரும்பினீர்கள். பரோல் மீறித் திரும்பிய இருநூற்றுப் பதினான்கு பேரின் தீர்ப்புகளையும் ஐந்து வாரம் வரி விடாமல் படித்தீர்கள். மேலும் ஆறு பேருக்கு அதே பிழை நேர்ந்திருந்தது. அறுவரும் அவரவர்க்குரிய நாளில் வெளியேறினர். ஒருவருக்கும் ஒரு நாள்கூட மிகவில்லை. தங்கள் பிழையைத் தாங்களே எழுதிக் கொடுத்ததற்காகப் பதவி உயர்வு நான்காண்டு தள்ளிப்போனது. அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

அன்று முதல் எந்தக் கணக்கிலும் இரண்டாவது ஒருவர் தீர்ப்பைப் படித்த பிறகே தாங்கள் கையெழுத்திட்டீர்கள். அதை எங்களுக்கும் வழக்கமாக்கினீர்கள்.

இன்று காலையும், மாலை சூட்ட நாங்கள் காத்து நின்றபோது, கடைசிக் கோப்பை எங்களில் இளையவரான மரிசோலிடம் நீட்டினீர்கள். “நாளைக்கு வெளிய போறவர். நான் சரின்னு சொல்றேன்னு நீ சரின்னு சொல்லாதே.” மரிசோல் முக்கால் மணி நேரம் படித்தார். தங்கள் கூட்டலில் ஒரு நாள் அதிகமிருந்தது.

தாங்கள் சிரித்தீர்கள். முப்பத்தோராண்டில் அப்படி நிம்மதியாகத் தாங்கள் சிரித்து நாங்கள் கண்டதில்லை.

அந்த மனிதர் இன்று மதியமே புறப்பட்டுவிட்டார். தாங்களும் புறப்படுங்கள், அம்மையீர்! உடல்நலமும் உள்ள அமைதியும் உற்ற துணையாக, நெடுங்காலம் நிறைவாக வாழ்க!

அன்பும் நன்றியுமாய்,
பதிவறைப் பணியாளர்கள்