யூதாஸ் முத்தம் கொடுக்கலாம்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில், ஷூ கம்பெனி அட்டை கழுத்தில் தொங்க இரண்டு பெண்கள்.

"இனிமே யூதாஸ் முத்தம் குடுக்கலாமாம்க்கா," என்றாள் சின்னவள். நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

"இன்னாடி சொல்ற?"

"எங்க சர்ச்சுல ஈஸ்டருக்கு முன்ன போடற பாஸ்கா நாடகத்துலக்கா, யேசுவை சிலுவையில அறையற கதை. பன்னிக்காய்ச்சல் வந்ததுல, மேடையில யாரும் யாரையும் தொடக்கூடாதுன்னு ஃபாதர் சொல்லியிருந்தாரு. யூதாஸ் வேஷம் எங்க வீட்டுக்காரரு. முத்தம் குடுத்துக் காட்டிக்குடுக்கறதுக்குப் பதிலா, தூர நின்னு யேசுவைக் கைகாட்டிட்டுப் போய்டுவாரு. காய்ச்சல் கம்மியாயிடுச்சுன்னு நேத்து அந்த ரூலை எடுத்துட்டாங்க."

"நல்லதுதானே?"

"யேசு வேஷம் எங்கண்ணன்க்கா."

பெரியவள் சட்டென்று திரும்பினாள். "உன் கல்யாணத்துக்கே வராதவனா? ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லையே!"

"அதான். நேத்து ஒத்திகையில எல்லாரும் பாத்துக்கினு நிக்கறாங்க. இவரு கிட்டப் போய் முத்தம் குடுத்துட்டு, 'தாடி குத்துது'ன்னாரு. வேஷத்துக்காக அண்ணன் தவக்காலம் பூரா வளக்குற தாடி."

"அதுக்கு அவன் இன்னா சொன்னான்?"

பஸ் பள்ளிகொண்டாவில் நின்றது. சின்னவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"'ஈஸ்டர் வரைக்கும் பொறுத்துக்க மாப்ளே'ன்னான். மாப்ளேன்னு கூப்ட்டது இதான்க்கா மொத தடவை."