காலி வண்டியில் பாரம்

உச்சி வேளை. திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் போகிற ரோடு. தொண்ணூற்றாறாம் வருஷம், அந்த நேரத்துக்கு அங்கே ஈ காக்கை இருக்காது... இரண்டு பக்கமும் அறுத்துப்போட்ட வயல், நடுவில் உருகுகிற தார்.

ராத்திரியில்தான் அதெல்லாம் நடமாடும் என்று உங்களுக்கு யார் சொன்னது? உச்சி வெயிலுக்கும் அதற்கும் ரொம்ப நாள் சிநேகம். சரி, கம்பெனி பஸ் படுத்துவிட்டது. மாற்று பஸ் மறைமலைநகரிலிருந்து வந்தாக வேண்டும். அதுவரை நெருங்கி உட்காருங்கள். பின் சீட்டில் தனியாக இருக்கிற புண்ணியவானும் முன்னால் வந்துவிடுவது நல்லது. இது நம் இனியனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. இனியன் இதோ இருக்கிறான், பொய் என்றால் அவனே சொல்லட்டும்.

சித்தப்பா பெயர் தாமோதரன். அப்போது வாலிபன்தான், அதனால் அவன் இவன் என்றால் இனியன் கோபித்துக்கொள்ளக் கூடாது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வீடு. சொந்த அம்பாசடர், பெட்ரோல் வண்டி. அன்றைக்குக் கிடைத்த சவாரி சிற்பம் பார்க்க வந்த கூட்டம் இல்லை. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துபோன துலுக்காணம் என்பவரை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பின் சீட்டில் நடுவே அவரை உட்கார வைத்து, அவருடைய தம்பிகள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் தோள் கொடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். மருந்து வாடை... அதன்மேல் ஊதுவத்தி.

அவர் வீடு கால்வாய்க் கரைமேல் இருந்தது. ரோட்டிலிருந்து பிரிந்து ஏறுகிற மண்பாதையில் போக வேண்டும். அந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வெளியே செத்தவரை வண்டியில் கொண்டுவந்தால், வீட்டு வாசலில் சொந்தக்காரர் ஒருவர் கார் கதவைப் பிடித்துக்கொண்டு, பேர் சொல்லி, "வூடு வந்துட்ச்சு, எறங்கு" என்று கூப்பிட வேண்டும். அப்புறம்தான் உடம்பைத் தூக்குவார்கள். அதைக் காதால் கேட்காமல் எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டான்.

கரை ஏற்றத்தில் இஞ்சின் தட்ட ஆரம்பித்தது. டக்... டக்... டக்டக். தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற சத்தம். காரணம் தாமோதரனுக்குத் தெரியும். மிச்சம் பிடிக்கிறேன் என்று பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுகிற ஆள் அவன். அன்றைக்குக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றிவிட்டான். இனிமேலும் ஏற்றினால் பிஸ்டன் போய்விடும்.

"வண்டி ஏறாது. இங்கயே எறக்கிக்கோங்க," என்றான்.

தம்பிகள் கெஞ்சினார்கள். அவன் மசியவில்லை. திட்டிக்கொண்டே உடம்பைத் தூக்கிக் கரைமேல் நடந்தார்கள். கூப்பிட வேண்டிய மனைவி கன்னியம்மா வீட்டு வாசலில் காத்திருந்தாள். தாமோதரன் வண்டியைத் திருப்பும்போது கண்ணாடியில் பார்த்தான்... அவள் தலைவிரிகோலமாகக் கரைமேல் ஓடிவருகிறாள், கையை ஆட்டி ஏதோ கத்துகிறாள். பாவம், துக்கத்தில் கத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டு வண்டியை மிதித்தான்.

வீடு வரைக்கும் சமதரை. காலி வண்டி. தட்டல் நிற்கவில்லை.

மெக்கானிக் எல்லப்பன் வாய்ச்சவடால்காரன், ஆனால் வேலை சுத்தம். "கிஸ்ணாயில் ஊத்தி ஓட்டுனா இஞ்சின் இன்னா தாலாட்டா பாடும்?" என்று கேட்டுவிட்டு, டேங்க்கைக் காலி பண்ணி நல்ல பெட்ரோல் ஊற்றினான். தட்டியது. பெட்ரோல் முந்திப் பற்றிக்கொண்டாலும் தட்டும் என்று டிஸ்டிரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி, டைமிங்கைத் தள்ளி வைத்தான். தட்டியது. இஞ்சின் தலையைக் கழற்றி, பிஸ்டன் மேல் அப்பியிருந்த கரியையெல்லாம் சுரண்டினான். ஆயில் மாற்றி, பேரிங் வரைக்கும் பார்த்தாகிவிட்டது. பட்டறையில் நிறுத்தி ஓட்டினால் தையல் மிஷின் மாதிரி ஓடுகிறது. ரோட்டில் இறங்கினால்... டக். டக்டக்.

எல்லப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தானே முன் சீட்டில் ஏறிக் கொஞ்ச தூரம் வந்தான். நிறுத்தச் சொல்லி இறங்கினான். வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்தவன், அப்படியே நின்றுவிட்டான்.

"தாமு... ஓவர் லோடு ஏத்தினாலும் இஞ்சின் தட்டும். தெரியும் இல்ல?"

"தெரியும். வண்டி காலியாதான கீது?"

"வந்து பின்னாடி பிளேட்டப் பாரு."

பின் சக்கரத்து ஸ்பிரிங் பிளேட் தழைந்து கிடந்தது. இந்தப் பக்கம் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை. பின் சீட்டில் நடுவாக ஓர் ஆள் உட்கார்ந்தால் எப்படித் தழையுமோ, அப்படி.

எல்லப்பன் பழந்துணியில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "நாளைக்கு மொத வேலையா கன்னியம்மா வூட்டுக்கு ஓட்டிகினு போ. அது வந்து கூப்ட்டா எறங்கிடுவாரு. நான் ஒண்ணும் பாக்கல நைனா, என்ன வுட்டுடு."

அன்றைக்குச் சாயங்காலமே தாமோதரனின் மனைவி பூங்கொடிக்கு வலி எடுத்துவிட்டது. தலைப்பிரசவம். வந்து பார்த்த நர்ஸம்மா, குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே செங்கல்பட்டு கொண்டுபோ, தாமதித்தால் இரண்டு உயிரும் தங்காது என்றார். ஊரில் வேறு வண்டி இல்லை. அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உட்காரக்கூட முடியாதவளை எங்கே ஏற்றுவான், சொல்லுங்கள்? பின் கதவைத் திறந்தான். குப்பென்று ஊதுவத்தி வாடை. கண்ணை மூடிக்கொண்டு அவளைப் படுக்க வைத்தான்.

டக்... டக்...

"இன்னாங்க..."

"இதோ போய்டலாம்மா. பல்ல கடிச்சிக்கோ."

"கொஞ்சம் நவுரச் சொல்லுங்க. கால நீட்ட முடியல."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கால்வாய்த் திருப்பம் வந்தது. அங்கே எவ்வளவு மிதித்தும் வண்டி நகரவில்லை. இஞ்சின் மட்டும் உடைந்துவிடுகிற மாதிரி தட்டுகிறது. கரைமேல் கன்னியம்மா வீட்டு விளக்கு தெரிந்தது. ஓடிப்போய் அவளைக் கூட்டிவரலாம். அதற்குள் இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்...

"அண்ணாத்த," என்றான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எம் பொண்டாட்டி சாவக் கெடக்குறா. இப்ப முடியாது. எங்கூடயே வா. திரும்பி வர்றப்போ உன்ன எறக்கிவுடறேன். சத்தியமா."

வண்டி நகர்ந்தது. தட்டிக்கொண்டே நகர்ந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் பூங்கொடியைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். அவள் போன கையோடு, பின் ஸ்பிரிங் ஒரு தடவை கிறீச்சிட்டு நிமிர்ந்தது. ஓரமாக நிறுத்த இஞ்சினைக் கிளப்பினான்... தட்டலே இல்லை. அப்பாடா, இறங்கிவிட்டார் என்று கும்பிட்டான், பைத்தியக்காரன். இறங்கியவர் யார் பின்னால் போனார் என்று யோசிக்கவே இல்லை.

பெண் குழந்தை. இரண்டு உயிரும் பிழைத்தது. அழைத்து வரும்போது வண்டி அத்தனை லேசாக ஓடியது. அவர்தான் இறங்கிவிட்டாரே, இனி யாரை இறக்கிவிடுவது? தாமோதரன் கால்வாய்த் திருப்பத்தில் நிறுத்தாமலே போனான். குழந்தை மட்டும் அந்த இடத்தில் வீறிட்டது. உடம்பு நீலம் பாரிக்கிற அளவுக்கு வீறிட்டது.

பெயர் சுஷ்மிதா. படு சுட்டி. அதற்கப்புறம் அந்த வழியாக அவளைக் கூட்டிப்போகாமல் எப்படியோ சமாளித்தார்கள். ஆறு வயதில் ஒரு தடவை, கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் அந்த ரோட்டிலேயே திரும்பும்படி ஆகிவிட்டது. குழந்தை பூங்கொடி மடியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

கால்வாய்க் கரைமேல் வருஷம் முழுக்கச் சேறு. அங்கே வீடு இருக்கிறவர்கள் இறங்குவதற்கு முன்பே, பஸ்ஸிலேயே, செருப்பைக் கழற்றிவிடுவார்கள். இது பூங்கொடிக்கே தெரியாது. குழந்தைக்கு யாரும் சொன்னதில்லை.

திருப்பம் வந்தது. சுஷ்மிதா கண்ணைத் திறக்காமலே எழுந்தாள். குனிந்து செருப்பைக் கழற்றினாள். இரண்டையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, போய்ப் படிக்கட்டில் நின்றாள்.