முன்னாடி போட்ட ஒண்ணு

...மூட்டைய எறக்குங்கய்யான்னா ஜீப்புல வந்தவங்க எறக்க மாட்டேங்குறாங்க, வீரமுத்தண்ணே. பின்னாடி ஸ்பிரிங் பட்டை படார்னு ஒடைஞ்சு, ஜீப்பு வலது பக்கமா சரிஞ்சு நிக்குது. அவங்க பாட்டுக்கு மூட்டை மேல ஒக்காந்து புளிசோத்தப் பிரிச்சுட்டாங்க. எனக்கும் ஒரு உருண்டை குடுத்தாங்க, இல்லேங்கல. தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா வயிறு எரியுதுல்ல.

ஏன் எறக்கலையா? கேளுங்க. அது கல்லங்குறிச்சி பெருமாளுக்கு நேந்துக்கிட்ட கம்பு. அவங்க வூட்டு வழக்கப்படி, நேந்த மூட்டைய களத்துலேர்ந்து தூக்குனா கோயில்லதான் வைக்கணுமாம். நடுவழியில தரையில பட்டா ஆவாதாம். பட்டைய மாத்தணும்னா பாரத்த எறக்கணும். பாரத்த எறக்குனா சாமி குத்தம். நான் எங்க போயி முட்டிக்கிறது? அதான், உங்க மாட்டுவண்டிய ஜீப்போட ஒட்டி நிறுத்தி, மூட்டைய அப்படியே நகட்டிடலாம்னு. தரையில படாதுல்ல. என் யோசனைதான்.

எத்தனை மூட்டையா... அதான் சொன்னேனே, நாலஞ்சு இருக்கும்னு. மாட்டைப் பாருங்கண்ணே, ஓரமா போவுது.

எல்லாத்துக்கும் காரணம் இந்த உத்திராபதிதான். வண்டிய வாடகைக்குப் புடிச்சவரு, வாலிகண்டபுரத்துக்காரரு. ரேசன் கடையில எடை போடுறவரு. அதக் கேட்டப்பவே நான் உஷாராயிருக்கணும். விடியக்காலம் போயி நிக்குறேன், காதுல பென்சில சொருகிக்கிட்டு என் வண்டி பலகையப் படிக்கிறாரு. எவனாச்சும் படிப்பானா? பக்கத்துப் பலகையில 'ஏற்றும் எடை'ன்னு போட்டு இத்தனை கிலோன்னு எழுதிருக்கும். எழுதணும்னு சட்டம், எழுதிருக்கு. பஸ்ஸுல கூடத்தான் 'புகை பிடிக்காதீர்'னு எழுதிருக்கு. அதுக்குக் கீழதான கண்டக்டர் பீடியப் பத்த வைக்கிறாரு. இந்த மனுசன் படிச்சாரு.

பன்னெண்டு மூட்டை ஏறுனதும் போதும்ங்கன்னேன். உடனே பென்சிலு காதவுட்டு எறங்கிடுச்சு. மூட்டை எண்பது கிலோ, பன்னெண்டு மூட்டை தொள்ளாயிரத்து அறுவது. ஆளு ஒம்போது பேரு, தலைக்கு அம்பது, அது ஒரு நானூத்தம்பது. ஆக ஆயிரத்து நானூத்திப் பத்து. "பலகையில ஆயிரத்து எழுநூத்தம்பது போட்டிருக்கே தம்பி, இன்னும் நாலு மூட்டை ஏத்து. அப்பவும் இருபது கிலோ ஒனக்கு மிச்சம்"ங்குறாரு. அந்த இருபது கிலோவ நான் என்ன பண்றது? வூட்டுக்குக் கட்டி எடுத்துட்டுப் போறதா?

மிச்சம் அஞ்சு மூட்டைய பின்னாடி கோத்த டிரெய்லர்ல போட்டாங்க. கூடவே கோயிலுக்கு விடுற கிடேரிக் கன்னு. கன்னு தாராளமா நிக்கணும்னு மூட்டையெல்லாம் முன்னாடி தள்ளி வச்சாங்க. இழுக்குறது வேற, சொமக்குறது வேறண்ணே. உங்களுக்குச் சொல்லணுமா? உங்க மாடு ரெண்டும் பன்னெண்டு மூட்டைய அலுங்காம இழுக்கும். அதே மாட்டு முதுகுல மூணு மூட்டைய வச்சா படுத்துக்கும். மாட்டுவண்டியில முன்பாரம் ஏறுனா நொகத்தடி கழுத்த அழுத்துதுல்ல, அதே கதைதான் இங்கயும். டிரெய்லர் மூக்கு வந்து என் ஜீப்பு முதுகுல ஒக்காந்துடுச்சு. இழுக்குற பாரம் பாதி சொமக்குற பாரமா மாறிப்போச்சு. சொன்னேன். "டிரெய்லர் கணக்கு தனி தம்பி, அது பலகையில வராது"ங்குறாரு. எடை போட்டே வயசான மனுசன் பேசுற பேச்சா இது?

என்னண்ணே, வெரல் விட்டு எண்றீங்க...

இல்ல, பன்னெண்டும் நாலும்... ஆமா. அதோட அஞ்சு. இருபத்தொண்ணுதான். ஏன் வண்டிய நிறுத்திட்டீங்க? அந்தா தெரியுது பாருங்க, புளியமரத்தடியில சாஞ்சு நிக்குதே, அதான். வந்தது வந்துட்டோம். இன்னொரு பட்டையும் ஒடைஞ்சா அடிச்சட்டம் வளைஞ்சிடும்ணே. எம் பொண்டாட்டி ஆண்டாயி தாலியத் தவிர எல்லாத்தையும் கழட்டிக் குடுத்து வாங்குன வண்டி. இது போச்சுன்னா நான் மறுபடியும் அடுத்தவன் லாரியில கிளீனரா ஏறணும்.

ரெண்டு நடை ஆவாது. இருபத்தோரு மூட்டையும் ஒண்ணா உள்ள போவணுமாம், அதுவும் உச்சிப் பூசைக்கு முன்னாடி. ஒரே நடையா அடிச்சுட மாட்டீங்க? பன்னெண்டுதான் தாங்கும்னு யாரு சொன்னா, உங்க வண்டியில பலகையா மாட்டிருக்கு? தேக்கு மரத்து அச்சு, சும்மா கும்முன்னு...

சரி. சரிங்க. அந்தாளு பேசுன பேச்சத்தான் நானும் பேசுறேன். தெரியுது.

ஜீப்புகிட்ட வந்ததும் எறங்கிப் போயி அங்க என்ன உத்துப் பாக்குறீங்க? பலகையா? எழுத்து நல்ல எழுத்துண்ணே, பெரம்பலூரு பெயிண்டரு கை. எது... முன்னாடி இருக்குற ஒண்ணா? ஏன், அதுக்கென்ன? மத்த எழுத்தவிட வெளுப்பா இருக்குதா? வெயிலு அந்தப் பக்கமா அடிக்குது, அதனால...

நான்தாண்ணே போடச் சொன்னேன்.

எழுநூத்தம்பதுதான் இது தாங்குற எடை. ஸ்டாண்டுல நிக்குற அத்தனை வண்டியையும் கூப்புடுறான், என்னைய ஒருத்தன் கூப்புடல. சின்ன வண்டி, சின்ன வண்டின்னு தாண்டிப் போயிடுவான். நம்பர் போடுற அன்னிக்கு பெயிண்டர்ட்ட, முன்னாடி ஒரு ஒண்ணு போட்டு விடுய்யான்னேன். ஒரே இழுப்புதான். காஞ்சதும் பாத்தேன், வண்டியே வளந்த மாதிரி இருந்துச்சு. போவப் போவ நானே நம்பிட்டேன். இன்னிக்கு அவரு பென்சிலோட நிக்கறப்ப உண்மையச் சொல்லிருக்கலாம். ஒம்போது பேரு முன்னாடி, கன்னுக்குட்டி வேற பாக்குது, அந்த ஒண்ணு பொய்யின்னு எந்த வாயால சொல்றது? வெக்கமாயிடுச்சு. வாய மூடிக்கிட்டு ஏத்த விட்டேன்.

ஆமா, உங்ககிட்டயும் அதத்தான் செஞ்சேன். அங்க கூட்டிச் சொன்னேன், இங்க கொறச்சுச் சொன்னேன். இருபத்தொண்ணுன்னு அப்பவே சொல்லிருந்தா உங்க தம்பி வண்டியையும் கட்டிக்கிட்டு வந்திருப்பீங்க. இந்நேரம் எல்லாம் கோயில் வாசல்ல நிக்கும்.

அண்ணே, ஏன் மாட்டைத் திருப்புறீங்க? தம்பி வண்டியக் கட்டிட்டு வரவா, இல்ல ஒரேயடியாவா? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. திட்டிட்டாவது போங்க.

நில்லுங்கண்ணே, நானும் ஏறிக்கிறேன். தம்பிகிட்ட நானே கேக்குறேன், மூட்டை எத்தனைன்னு மொதல்லயே சொல்லிக் கேக்குறேன். காலி வண்டிதான, இழுக்கும். நான் என்ன, அம்பது கிலோ இருப்பேன்.

...அறுவத்தி ரெண்டுண்ணே.