எங்கள் வீட்டுக்கு வராத ரமலான்

எங்கள் தெருவில் வீட்டு நிம்மதி மாதம் நாற்பது தினாருக்குக் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஐம்பது கொடுக்கிறார். அவருக்குப் பேரம் பேச வராது. ஏஜென்சி வழியாக வேலைக்கு ஆள் எடுத்தால் அதற்கு மேல் முந்நூறு தினார் கமிஷன் கேட்பார்கள். நான் முப்பது வருடமாக முஹர்ரக் சந்தையில் ஏலக்காயும் கறுவாப்பட்டையும் விற்கிறவன். சரக்கை விளைகிற இடத்திலேயே வாங்கத் தெரிந்தவனுக்கு நடுவில் இன்னொருவன் எதற்கு? கொழும்பிலிருந்து எனக்குக் கறுவா அனுப்புகிறவருக்கே எழுதினேன். இருபது மூட்டை கறுவா, முதல் தரம். சமைக்கத் தெரிந்த பெண் ஒருத்தி, அதுவும் முதல் தரம். இரண்டும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தன. கறுவாவில் ஒரு மூட்டை ஈரம். பெண்ணில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

அதிகாரி ஐயா, நீங்கள் கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இன்று ரமலான் இருபத்தேழாம் நாள், நடுப்பகலில், என் கடை வாசலில் உட்கார்ந்து ஒரு தட்டு மீன் சோறு சாப்பிட்டேன். சந்தையே சாட்சி. நோன்பு நாளில் பொது இடத்தில் சாப்பிட்டதற்கு என்ன தண்டனையோ அதை ஏற்கிறேன். ஆனால் நீங்கள் சோற்றை விட்டுவிட்டு, சோறு கொண்டுவந்தவளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கேட்டால் சொல்வதில் எனக்கு என்ன நஷ்டம்?

அவள் பெயர் சோமாவதி. எங்களுக்குச் சோமா. குருநாகல் பக்கம் ஏதோ ஊர். வந்தபோது மூன்று வயதில் ஒரு மகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். எங்கள் வீடுகளில் ஆள் வைப்பது நோன்புப் பெருநாளைக் கணக்கு வைத்துத்தான். என் மனைவி ஷம்சா முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டாள்: "ரெண்டு நோன்பு மாசம் முடியற வரைக்கும் இங்க இருக்கணும். ரெண்டாவது பெருநாள் அன்னைக்குச் சம்பளம் மொத்தமா கையில, டிக்கெட்டும் கையில. அதுக்கு முன்னாடி ஊரு பேச்சே எடுக்கக் கூடாது." சோமா தலையாட்டினாள். அவளுடைய அம்மாவுக்கு நூறு தினார் முன்பணம் அனுப்பியிருந்தேன். எல்லாம் வெளிப்படை.

அவளைப் பூட்டி வைத்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. எங்கள் வாசல் கதவு பகலில் எப்போதும் திறந்தே இருக்கும், தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். செருப்பை மட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டினோம். வீட்டுக்குள் செருப்பு எதற்கு? வெளியே தரை சுடுகிறது என்றால் அது என் குற்றமில்லை. பாஸ்போர்ட் கடை இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. ஊரிலிருந்து அவளுக்கு வந்த கடிதங்களும் அதே பெட்டியில்தான். நாற்பத்தொன்று இருக்கும். ஒன்றையும் நான் பிரிக்கவில்லை. பிறர் கடிதத்தைப் பிரிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

முதல் ரமலானில் அவள் உழைத்த உழைப்பை என்னவென்று சொல்ல. கோதுமையும் இறைச்சியும் சேர்த்து மணிக்கணக்கில் கடைந்து அவள் செய்த ஹரீஸைச் சாப்பிட, ஒன்பது வருடமாக எங்களோடு பேசாமலிருந்த என் மைத்துனர் வந்து உட்கார்ந்தார். ஷம்சாவின் முதுகுவலி போனது. என் மகன் யாகூப் வீட்டிலேயே சாப்பிட ஆரம்பித்தான். நானும் ஷம்சாவும் சண்டை போட்டே ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது.

அடுத்த ரமலானுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சோமா தேநீரை வைத்துவிட்டு நின்றாள்.

"பாபா, அடுத்த நோன்பு முடிஞ்சா நான் போலாம் தானே? பாப்பாவுக்கு அஞ்சு வயசு ஆகுது. பள்ளிக்கூடத்துல முதல் நாள் நான்தான் கையைப் புடிச்சிக் கூட்டிட்டுப் போவேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"நோன்பு வரட்டும், பாக்கலாம்" என்றேன்.

நான் மறுக்கவில்லை, கவனியுங்கள். யாருக்கும் முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று சொல்வது என் வழக்கமே இல்லை. நோன்பு வரட்டும் என்றேன். பிறகு, அது எங்கள் வீட்டுக்கு வராமல் பார்த்துக்கொண்டேன்.

இதைச் சொன்னபோது ஷம்சா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்குப் புத்தி பிசகிடுச்சா? நோன்பு என்ன உங்க மைத்துனரா, கதவைச் சாத்துனா திரும்பிப் போக?"

"சரி, நோன்பு வரட்டும். பெருநாளுக்கு மறுநாளே அவ போயிடுவா, நீ அடுப்படிக்குப் போ."

 "பகல் சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" என்று கேட்டாள். வியாபாரம் படிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

விடியலுக்கு முன், சஹர் சாப்பாட்டு நேரத்தில் தெருவை எழுப்ப முரசு அடித்துக்கொண்டு வருகிறவர் ஒருவர் இருக்கிறார், உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவரிடம் எங்கள் தெருவை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். மூன்று தினார் தருவதாகச் சொன்னேன்.

"ஹாஜி, அடிக்கறதுக்கு எல்லாரும் காசு குடுப்பாங்க. அடிக்காம இருக்கறதுக்குக் காசு குடுக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப இன்னும் குறைச்சலாத்தானே கேக்கணும்? உனக்கு வேலையே இல்லையே."

"சும்மா இருக்கறதுக்குத்தான் ரேட்டு ஜாஸ்தி, ஹாஜி. அடிச்சா புண்ணியமும் சேருது. இதுல வெறுங்காசுதானே?"

ஐந்தில் முடிந்தது. தெருவில் நான்கு குடும்பம் சஹர் சாப்பிடாமல் நோன்பிருந்தது, அவர்களுக்கு நன்மை கூடுதல். மாலையில் நோன்பு திறக்கப் பீரங்கி வெடித்தபோது சோமா என்ன சத்தம் என்று கேட்டாள். பீரங்கி என்றேன். உண்மைதானே? பள்ளிவாசலில் இரவுத் தொழுகை நீண்டபோது, மழைக்காகத் தொழுகிறார்கள் என்று ஷம்சா சொன்னாள். அந்த மாதம் மழையும் பெய்தது.

பகல் சாப்பாடுதான் கஷ்டம். சோமா பரிமாறிவிட்டு அடுப்படிக்குப் போவாள். நாங்கள் மூவரும் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து மடியில் இருந்த பிளாஸ்டிக் பைக்குள் தள்ளுவோம். யாகூப் அதைக் கொண்டுபோய் மீன்சந்தைப் பூனைகளுக்குப் போட்டுவிட்டு வருவான். மாலையில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் ஒவ்வொருவராகக் குளியலறைக்குள் போய்ப் பேரீச்சம்பழம் தின்று நோன்பைத் திறந்தோம். என் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் அவ்வளவு ஒற்றுமையாக இருந்தது அந்த ஒரு மாதம்தான். பெருநாளன்று மைத்துனர் வீட்டில் போய்ப் புது உடுப்பு மாற்றிக்கொண்டு, மாலையில் பழையதைப் போட்டுக்கொண்டு திரும்பினோம். அந்த முப்பது நோன்பும் சுத்தம். ஆண்டவனுக்கும் எனக்கும் அதில் கணக்கு நேர்.

சிக்கல் அதற்கு அடுத்த வருடம் தொடங்கியது. ரமலான் முதல் நாள் சோமா சாப்பாட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"போய் வேலையப் பாரு" என்றாள் ஷம்சா.

"வேலை முடிஞ்சிச்சு. நீங்க சாப்பிடுங்க. சாப்பிடறதைப் பாத்தா எனக்கு வயிறு நிறையுது."

யாகூப் என்னைப் பார்த்தான், நான் ஷம்சாவைப் பார்த்தேன். பை மடியில் இருந்தது, கை எழவில்லை. இன்று நோன்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அது இரண்டாவது நோன்பு, அடுத்தது பெருநாள், அதற்கு அடுத்தது டிக்கெட். முதல் கவளத்தை நான்தான் விழுங்கினேன். குடும்பத் தலைவன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்? ஷம்சா கண்ணீரோடு விழுங்கினாள். யாகூப் இரண்டாவது முறை கேட்டு வாங்கினான்.

அந்த மாதம் முழுவதும் அப்படித்தான், அடுத்தடுத்த வருட ரமலானிலும் அப்படித்தான். மற்ற மாதங்களில் பருப்பும் கோழியும் செய்கிறவள், அந்த மாதத்தில் மட்டும் உலர்ந்த எலுமிச்சை போட்டு, சாஃபி மீனைப் பொரித்து, சோற்றில் என் கடைக் குங்குமப்பூவைத் தாராளமாகத் தூவி எடுத்து வருவாள். வாசனை தெருமுனை வரை போகும். "இன்னும் கொஞ்சம் பாபா, என் மேல சத்தியமா" என்று வற்புறுத்துவாள். விசுவாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரமலான் பாதியில் பிள்ளைகள் பாடிக்கொண்டு வீடு வீடாக வந்து கடலையும் மிட்டாயும் வாங்குவார்கள் அல்லவா? நோன்பை மறைத்த முதல் வருடம், தெருக்கோடியில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். நான்காம் வருடம் பிள்ளைகளுக்குக் கடலை அள்ளிப் போட்டுவிட்டுத் திரும்பி, "அந்தப் பொண்ணுக்கு வருஷா வருஷம் கல்யாணமா பாபா? மாப்பிள்ளைங்க நிக்க மாட்டேங்கிறாங்களா?" என்று கேட்டாள். சிரிக்காமல்தான் கேட்டாள். வெகுளி என்று நினைத்தேன்.

இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. அடுப்படியில் காஸ் சிலிண்டருக்குப் பின்னால் சுவரில் கரிக்கோடுகள் இருந்தனவாம். எண்ணிப் பார்த்தீர்களாம், அறுபத்து மூன்று. அவளுடைய மார்க்கத்தில் முழு நிலா நாள் புனித நாளாம், ஒன்றைக்கூடத் தவறவிட மாட்டார்களாம். முரசைத் தடுத்தேன், கடிதத்தைத் தடுத்தேன். பிறை பார்த்து மாதம் கணக்கிடுகிற ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு, அடுப்படி ஜன்னலில் நிலா தெரியும் என்பது தோன்றவில்லை. ஏஜென்சிக்காரன் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். நேரடியாக ஆள் எடுப்பதில் நான் கண்ட ஒரே குறை இதுதான்.

இன்றைக்கு நடந்தது இது. மாதத்திலேயே புனிதமான இருபத்தேழாம் நாள் ஆயிற்றே, ஒரு நோன்பையாவது முழுதாக வைப்போம் என்று, கடையில் சரக்கு இறங்குகிறது என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிட்டேன். வீட்டில் ஷம்சா சாப்பிட்டுத் தூங்கிவிட்டாள். நடுப்பகல் தொழுகை முடிந்து எல்லோரும் அவரவர் கடை வாசலில் சோர்ந்து உட்கார்ந்திருந்தோம். சோமா வந்தாள். தலையில் பெரிய தாம்பாளம், காலில் ஷம்சா பெருநாளுக்கு வாங்கி வைத்திருந்த வெள்ளி ஜரிகைச் செருப்பு. ஐந்து வருடத்தில் அவள் சந்தையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வழி கேட்டிருக்க வேண்டியதில்லை, ஏலக்காய் வாசனையைப் பிடித்துக்கொண்டே வந்திருப்பாள். தாம்பாளத்தை என் முன்னால் இறக்கி மூடியைத் திறந்தாள். ஆவி பறந்தது.

"சாப்பிடாம வந்துட்டீங்களே பாபா. நேத்து வீட்ல சாப்பிட்டீங்கல்ல, அதே மீன்தான்."

எதிர்க்கடை தாவூத் எழுந்து வந்தார். "ஹாஜி, என்ன கூத்து இது? அந்தப் பொண்ணுக்கு விவரம் தெரியாது போல. நீங்களே சொல்லி அனுப்புங்க."

சோமா என் முகத்தையே பார்த்தாள். "என்ன பாபா சொல்லணும்? இன்னைக்கு என்ன விசேஷம்?"

 ஒரே ஒரு சொல்தான், ஐயா. அதைச் சொல்லியிருந்தால் என் மானம் பிழைத்திருக்கும், மூன்று நாளில் அவள் விமானம் ஏறியிருப்பாள். பேசிய விலையிலிருந்து நான் இதுவரை பின்வாங்கியதில்லை.

"ஒண்ணுமில்ல. நல்ல பசி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

முழுத் தட்டும் சாப்பிட்டேன். "தண்ணி குடிங்க, விக்கிடப் போவுது" என்று அவளே குவளையை நீட்டினாள். நாற்பது கடைக்காரர்கள் நோன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாவூத் முகத்தை மூடிக்கொண்டார். சந்தேகம் வரக்கூடாதே என்று இன்னொரு கரண்டி போடச் சொன்னேன். அதற்குள் உங்கள் காவலர் வந்துவிட்டார். அவள் அவரிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: "இது என்ன மாசம்னு எங்க பாபாகிட்ட கேளுங்க. அவர் வாயால சொல்லட்டும். நான் ஊருக்குப் போகணும்."

காவலர் கேட்டார். தனியாகச் சொல்கிறேன் என்றேன்.

கடிதங்களைப் பிரித்துப் படிக்க ஆள் வைத்தீர்களாம், சந்தோஷம். மகளே எழுதியவை சில இருக்கின்றன என்கிறீர்கள். எட்டு வயதில் எழுதுகிறாள் என்றால், நல்ல பள்ளிக்கூடம்தான் போலிருக்கிறது. அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப் போகாவிட்டாலும் பிள்ளைகள் படித்துவிடுகிறார்கள்.

மற்றபடி, பாக்கி விஷயம். ஐந்து வருடச் சம்பளம் தரவேண்டும் என்கிறீர்கள். இரண்டாவது நோன்பே வராத வீட்டில் ஐந்து வருடம் எங்கிருந்து வரும்? ஆனாலும் நான் கணக்கில் கருமி இல்லை, இரண்டு வருடம் முடிந்ததாகவே வைத்துக்கொள்வோம். இருபத்து நான்கு மாதம், நாற்பது வீதம், தொள்ளாயிரத்து அறுபது. முன்பணம் நூறு போக எண்ணூற்று அறுபது. இது நான் அவளுக்குத் தரவேண்டியது, மறுக்கவில்லை.

அவள் நின்றுகொண்டு ஊட்டாத குறையாக முறிக்க வைத்த நோன்புகள், முப்பது, இருபத்தொன்பது, முப்பது, இந்த வருடம் இருபத்தேழு. இன்றைக்கு நான் தப்பப் பார்த்தும் சந்தைக்கே கொண்டுவந்து சேர்த்தாள் அல்லவா, அதையும் சேர்த்து நூற்றுப் பதினாறு நாள். வேண்டுமென்றே முறித்த ஒவ்வொரு நோன்புக்கும் அறுபது ஏழைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று எங்கள் இமாம் சொல்வார். ஆளுக்கு ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது சாப்பாடு. எங்கள் மூவருக்கும் இருபதாயிரத்து எண்ணூற்று எண்பது. ஒரு சாப்பாடு முந்நூறு ஃபில்ஸ், தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ், சந்தை விலைதான், ஏமாற்றவில்லை. ஆறாயிரத்து இருநூற்று அறுபத்து நான்கு தினார். அவளுடைய எண்ணூற்று அறுபதைக் கழித்தால், ஐயாயிரத்து நானூற்று நான்கு அவள் எனக்குத் தரவேண்டும். கையில் காசில்லை என்று எனக்குத் தெரியும், வேலை செய்தே கழிக்கட்டும். மாதம் நாற்பது வீதம் பதினொரு வருடம் மூன்று மாதம். மேலே நிற்கிற நான்கு தினாரை நான் தள்ளுபடி செய்கிறேன்.