வெள்ளை நூல் முடிச்சு

— காயில் போயிருக்கும்னு மறுபடியும் சொல்லாதே மாப்ளே. வண்டிய ஸ்டார்ட் பண்ணு, நான் மீட்டர் வெச்சுப் பார்க்கிறேன்.

— மெக்கானிக் நானா நீங்களா மாமா? யாரோட மீட்டர் அது? கீழ வைங்க.

— அக்கா புருஷன்னு கொஞ்சமாவது மரியாதை இருந்தா ஸ்டார்ட் பண்ணு. மூணு வாரமா உன் ஷெட்டே கதின்னு கிடக்கேன். பேட்டரிய வீட்ல சார்ஜ் போட்டு எடுத்துட்டுப் போறேன், பாதி பார்சல் குடுக்கிறதுக்குள்ள வண்டி படுத்துடுது. இன்னொரு நாள் லேட்டானா வேலைக்கே வராதேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். கேட்டுக்கோ, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு இது ஓடியாகணும்.

— பொறுங்க மாமா. பண்றேன்.

— முறுக்கு. இன்னும். பேட்டரி பன்னெண்டு பாயிண்ட் ரெண்டு வோல்ட். பதினாலுக்கு ஏறணும், அசையவே இல்ல பாரு.

— அதான் சொல்றேன், கரெண்ட் எடுக்கிற காயில் அவுட். புதுசு வர ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள நீங்க டாக்டரை ஒரு தடவை...

— எப்பப் பார்த்தாலும் டாக்டரைப் பாருங்க, டாக்டரைப் பாருங்க. கரெண்ட் எனக்கா நிக்குது? இந்த மூணு மஞ்ச ஒயரும் காயில்லேர்ந்துதானே வருது? முறுக்கு. அம்பத்தி ஒண்ணு. அம்பத்தி ஒண்ணு. அம்பது. காயில் குத்துக்கல்லாட்டம் இருக்குடா.

— அப்ப ரெகுலேட்டரா இருக்கும்.

— அது நல்லா இருக்குன்னு போன வாரம் நீதானே சொன்னே?

— சொன்னேனா?

— சொன்னே. ஏன் இப்படி வேத்து ஊத்துது உனக்கு? ஃபேனுக்குக் கீழதானே நிக்கிறே.

— எஞ்சின் சூடு மாமா.

— நிறுத்து வண்டிய. ரெகுலேட்டர்லேர்ந்து பேட்டரிக்குப் போற செவப்பு ஒயர் இது. ஒரு முனை இங்க, ஒரு முனை அங்க. ஒயர் முழுசா இருந்தா மீட்டர் கத்தணும். கத்துதா?

— இல்ல.

— ஃபியூஸ் நல்லா இருக்கு. அப்ப நடுவுல எங்கேயோ அறுந்திருக்கு. சீட்டைக் கழட்டு.

— சாப்ட்டுட்டு வந்து பார்ப்போம் மாமா. அக்கா காத்துட்டிருப்பா.

— நகரு, நானே கழட்டுறேன். இதோ, டேப் சுத்தியிருக்கு. டேப் மேல வெள்ளை நூல். நூல்ல முடிச்சு.

— மாமா, பிரிக்காதீங்க.

— சூட்டுல டேப் கழண்டுடும்னு நூல் கட்டுறவன் இந்தத் தெருவுலயே நீ ஒருத்தன்தான். அதுக்கு உன்னைக் கிண்டல் பண்ணாத ஆள் கிடையாது. உள்ள பாரு. ஒயரை வெட்டி, ரெண்டு முனையையும் தனித்தனியா சுத்தி வெச்சிருக்கே. திருட்டு வேலையில கூட என்ன ஒரு சுத்தம்.

— ஷார்ட்டாகி உங்களுக்கு ஒண்ணு ஆயிடக் கூடாதில்ல. கை தானா முடிச்சுப் போட்டுடுச்சு.

— என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டு, முடிச்சுப் போட்டாராம். என்னடா கெடுதல் பண்ணேன் உனக்கு? உன் அக்காவ ஒரு நாள் கண் கலங்க விட்டிருக்கேனா?

— இல்ல மாமா.

— பாலத்துல நின்னுச்சே, அன்னிக்கு ஆரம்பிச்சது எனக்கு. பாப்பாவ டேங்க் மேல உக்கார வெச்சு ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வர்றேன். நல்லா ஓடிட்டிருந்த வண்டி பொட்டுனு அணைஞ்சு பாலத்துச் சுவரோரமா நிக்குது. அதைச் சரி பண்ணத்தானே உன்னை நம்பி விட்டேன்?

— அன்னிக்கே ஒயர் ஒயரா பார்த்தேன். வண்டியில ஒரு குறையும் இல்ல.

— குறை இல்லாமலா அணைஞ்சுது?

— சுவர் பக்கம் எப்படி வந்தீங்கன்னு ஞாபகம் இருக்கா?

— வண்டி நின்னுச்சு, பார்த்தா சுவர். அதுக்கு முன்னாடி... அது எதுக்கு இப்போ? ஒயரைச் சேர்த்து விடு.

— சேர்த்து விடுறேன். உங்ககிட்ட சொல்ல மாட்டேன்னு ஒரு சின்ன ஆளுக்குச் சத்தியம் பண்ணிட்டேன். வாயத் திறக்க முடியல, நீங்க வண்டி எடுக்கக் கூடாதுன்னுதான் ஒயர்ல கை வெச்சேன். கியர்ல ஓடுற வண்டிய, கிளட்ச் பிடிக்காம பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடிச்சா அணைஞ்சிடும் மாமா.

— நான் பிரேக்கே பிடிக்கலையேடா.

— நீங்க பிடிக்கல. உங்க தலை தொங்கிடுச்சு, கை நழுவிடுச்சு. பாப்பாதான் ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கா.