எருமைக்கு மந்திரம் ஏறாது

...அண்டாவா ஆக்கிப்போட்டாருங்க அந்த மனுசன். எருமையப் போயி. பித்தளை அண்டா. அதுல சாம்பாரு வேற காய்ச்சிப்போட்டாங்க. ஏனுங்க, காலை இப்படி நீட்டிக்குங்க, அந்தப் பை இடிக்கும். புத்தகந்தானுங்க. பதினாலு பாகம், கனமாத்தான் இருக்கும். பேளுக்குறிச்சி சந்தைக்குக் கொண்டுபோறேன். எதுக்குன்னு அப்பறம் சொல்றேன், பஸ்சு மலைய உட்டுக் கீழ எறங்கறதுக்குள்ள எவ்வளவோ திருப்பம் கெடக்குது.

எந்த எருமையா? அது சரி. 'மேகக்கோட்டை மன்னன்' நீங்க படிச்சதில்லீங்களா? வருசம் ஒரு பாகம் வருமுங்க. மேகத்து மேல ஒரு கோட்டை, அதுல ஒரு ராசா. அவரு தும்முனாருன்னா எதுக்க நிக்கறவன் பாத்திரமாயிருவான். மந்திரி சொம்பு, தளபதி கொடம், ராசாவோட மாமியா கரண்டி. எல்லாத்தையும் மறுக்கா மனுசனாக்கறதுக்குள்ள பாகம் முடிஞ்சுரும். அடுத்த வருசம் மறுக்கா தும்முவாரு. அவ்வளவுதான் கதை.

எங்க திண்ணனூர் நாட்டுல மிளகு பறிச்சா எல்லாரும் ஒரே களத்துல கூடி உக்காந்துதான் உதிர்ப்போமுங்க. கைக்கு வேலை இருக்கும், காது சும்மா கெடக்கும். அந்தக் காதுக்கு நாந்தான் படிச்சுக் காட்டறது. மொதப் பாகத்துல இருந்து நாந்தான். "செங்கோடண்ணன் வந்தாத்தான் மிளகு உதிரும்"பாங்க. அப்படிக் கொண்டாடுனவங்க இப்ப என்ன பேச்சுப் பேசறாங்கங்கறீங்க.

இந்தப் படிக்கறவங்க சொல்ற கருத்து இருக்குதுங்களே, அதை மட்டும் கேக்கவே கூடாது. சென்றாயன்னு ஒருத்தன், பக்கத்துக் காட்டுக்காரன். "மொத மூணு பாகம்தாண்ணா பாகம், அப்பறம் அந்தாளு சினிமாவுக்கு எழுதறான்"கறான். நாலாம் பாகத்துல இருந்து களத்துல படுத்துக் குறட்டை விட்டவனுங்க அவன். மிளகுச் சாக்குல தலைய வெச்சான்னா பொழுது எறங்கத்தான் எந்திரிப்பான். அவனுக்கு ஒரு கருத்து. களத்துல பொன்னாயின்னு ஒருத்தி, அதுக்கு எப்பவும் ராசாவுக்கு ரெண்டாங் கல்யாணம் ஆகோணும். "பதினாலு வருசமாக் கரண்டியோட மல்லுக்கட்டறாரு, பாவம்"குது. அட, கரண்டி மாமியாளம்மா, பொண்டாட்டி இல்லைன்னா, "எதா இருந்தா என்ன"ங்குது.

இவங்களாச்சும் பரவால்ல. போன்ல எழுதறாங்களே, அதை எங்க பேரன் பிரேம் படிச்சுக் காட்டுவான். பட்டணத்துல ஒருத்தன் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருக்கறான். ஏன்னா, புத்தகம் மழையில நனைஞ்சு வந்துச்சாமா. எழுத்தாளரு என்ன குடை புடிச்சுட்டா வருவாரு? இன்னொருத்தரு கரண்டிங்கறது நாட்டோட நெலமைன்னு நாலு பக்கம் எழுதியிருக்கறாரு. கரண்டி கரண்டிதானுங்க.

எருமைக்கு வாரேன். ராசா தும்முனா எல்லாரும் பாத்திரமாவாங்க, எருமை மட்டும் ஆகாது. அசை போட்டுட்டு நிக்கும். "எனக்கென்னடா வந்துச்சு"ன்னு கேக்கும். அதச் சொன்னாப் போதும், களமே சிரிக்குமுங்க. பொன்னாயி ஒருக்கா சிரிச்ச சிரிப்புல மொறத்து மிளகு பூராவும் மண்ணுல போச்சு. அப்பேர்ப்பட்ட எருமை.

புத்தகத்துக்குப் பின்னால ஒரு நம்பரு இருக்குது, உங்க கருத்தச் சொல்லுங்கன்னு. நாந்தான் எல்லாரையும் பேசச் சொன்னேன். பேசிப் பேசி அனுப்பிச்சாங்க. எருமை பிரமாதம், எருமைக்குத் தனிப் பாகம் போடுங்க, எருமைய ராசாவாக்குங்க. அதையெல்லாம் எழுத்தாளரே எடுத்து போன்ல ஊரறியப் போட்டுட்டாரு. அதுக்கு அந்த மழைல நனைஞ்சவன் கேட்டான் பாருங்க, "எந்த எருமை? எம் புத்தகத்துல பக்கம் கொறையுதா?"ன்னு. அவன் மேல உழுந்து புடுங்கிட்டாங்க. "ஒழுங்காப் படிக்காதவனுக்கு எருமை தெரியாது"ன்னு ஒருத்தன். "எருமைதான் இந்தத் தொடரோட உசுரு"ன்னு ஒருத்தி. அந்தக் கரண்டிக்காரரு மறுக்கா வந்து, எருமைங்கறது சாமானிய மனுசன்னு இன்னொரு நாலு பக்கம்.

பாவமுங்க அந்த நனைஞ்ச பையன். அவன் சொன்னதுதான் நெசம். புத்தகத்துல எருமை இல்ல.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, காரவள்ளில எறங்கிப் போயிருவீங்க. இல்லீங்க, எருமை இல்ல. ரெண்டாம் பாகத்துல அரமனைத் திரைச்சீலையப் பக்கம் பக்கமா எழுதியிருந்தாரு. படிச்சா ஒவ்வொரு தலையாச் சாயுது. என்ன பண்றது? ஒரு எருமைய உள்ள உட்டேன். எல்லாரும் நிமிந்து உக்காந்தாங்க. அப்பறம் அது வெளிய போகவே இல்ல. பதிமூணு பாகம் அதுக்குத் தீனி போட்டவன் நானுங்க.

போன மாசம் எனக்குக் கண்ணு ஆபரேசன். கட்டோட ஊட்ல கெடக்கறேன். அன்னேரம் பாத்து பதினஞ்சாம் பாகம் வந்துருச்சு. பொன்னாயி மக கீர்த்தனா காலேசு லீவுல வந்திருந்துச்சு, அது எடுத்துப் படிச்சுருச்சு. உள்ளதை உள்ளபடியே படிச்சிருக்குதுங்க, ஒரு வரி கூட்டாம. முன்னுரையிலயே எழுதியிருக்கறாரு, வாசகர்கள் விரும்பிக் கேட்டதுக்காக இந்தப் பாகத்துல எருமைன்னு. களமே கையத் தட்டியிருக்குது. ரெண்டாவது அத்தியாயம், ராசா தும்முனாரு. அண்டா.

எருமைக்கு மந்திரம் ஏறாதுங்க. அந்தக் கோட்டையில அது ஒண்ணுதான் சட்டம். அது கூடத் தெரியாம என்ன எழுத்தாளரு? கேட்ட அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. ஆனா வாயத் தொறந்து அழுக முடியுதா? எல்லாரும் அவரு எருமைய அவரே கொன்னாருன்னு பேசறாங்க. என்ர எருமைங்க அது.

அதோட போச்சா? நேத்து பொன்னாயி மககிட்டச் சொல்லுது, "மனசு ஆறல, எருமை உசுரோட இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு மொதப் பாகத்துல இருந்து கேக்கோணும், கண்ணு, நீயே படி"ன்னு. எல்லாரும் சரின்னுட்டாங்க. இன்னைக்கே ஆரம்பிக்கறாங்களாமா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அந்தப் புள்ள எருமையத் தேடிச்சுன்னா என்ர கதி என்னாகுமுங்க? இனி நான் பஞ்சாங்கம் படிச்சாக்கூட நம்ப மாட்டாங்க.

அதான், விடியக்காலம் களத்துல இருந்த பதினாலையும் பையில போட்டுட்டு பஸ் ஏறிட்டேன். சந்தையில பொட்டலம் மடிக்கறவங்களுக்குக் கொடுத்துருவேன். புத்தகம் இல்லீன்னா என்ன பண்ணுவாங்க? "செங்கோடண்ணா, உனக்குத்தான் மனப்பாடமாச்சே, வாயால சொல்லு"ம்பாங்க. நான் வேண்டா வெறுப்பா வர்ற மாதிரி வந்து உக்காருவேன். கேப்பாங்க இல்லீங்களா? கேப்பாங்க.

இருங்க, போனு. இந்தத் திருப்பத்துலதான் டவரு. அலோ... சொல்லு பொன்னாயி. புத்தகமா? காணமா? அட, கரையான் செல்லு அரிச்சிருக்குமம்மா, அது அப்படித்தான் மூட்டை மூட்டையாத் தின்னும். போச்சாது விடு, பொழுதுக்குள்ள வந்து நானே வாயால... என்னது? போன்ல வருதா? பதினாலுமா? மொதப் பாகத்தத் தள்ளிட்டு நேரா ரெண்டாவது... திரைச்சீலை வரைக்கும் வந்தாச்சா? எருமையா? வரும் சாமி. அது... கொஞ்சம் தள்ளி வரும். இன்னுங் கொஞ்சம் தள்ளி. அலோ...

கட்டாயிப்போச்சுங்க.

ஒருத்தரும் மிளகத் தொடலையாமா. எருமை எப்ப வருமுன்னு கீர்த்தனா வாயவே பாத்துட்டு உக்காந்திருக்கறாங்களாமா. சென்றாயன் முழிச்சிருக்கறானாமுங்க. சென்றாயன்.

போன்ல வர்ற புத்தகம் வேற, எருமை அச்சடிச்ச புத்தகத்துலதான் இருந்துச்சுன்னு சொல்லிப் பாக்கலாங்களா? ஆனா அச்சடிச்சதச் செல்லு தின்னுருச்சுன்னு இப்பத்தான் சொல்லிப்போட்டேன்... ஏனுங்க, எங்க எந்திரிச்சுட்டீங்க? காரவள்ளி இன்னும் வரலீங்களே. சரி, போறதுதான் போறீங்க. நம்புவாங்களா, மாட்டாங்களா, அத மட்டும் சொல்லிட்டுப் போங்க.