வோல்கா என்றால் ஈரம்

அமெரிக்காவில், நூவர்க் குடியேற்ற அலுவலகத்தில் கிரீன் கார்டு இன்டர்வியூவுக்காகக் காத்திருந்தேன். எனக்குப் பின்வரிசையில் ஓர் இளம் தமிழ்த் தம்பதி.

“உன் பேரு காவேரின்னு இருந்திருந்தா நேத்து நான் தூங்கியிருப்பேன்” என்றான் கணவன்.

“ஏன், வோல்காவும் ஆறுதானே?”

“ரஷ்யா ஆறு. உங்கப்பா கம்யூனிஸ்ட் கட்சியான்னு கேப்பாங்க, கார்டு கிடைக்காது. ஏதோ பூவோட பேருன்னு சொல்லிடு.”

“பொய் சொல்ல மாட்டேன். வோல்கான்னா ஈரம்னு அர்த்தம், அப்பா சொல்லியிருக்கார். திருப்பூர்ல என் கிளாஸ்லயே ரெண்டு வோல்கா இருந்தோம்.”

அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். இருவரும் உள்ளே போனார்கள்.

வெளியே வந்ததும் அவள் பொரிந்து தள்ளினாள்.

“அந்த ஆபீசரம்மா, ‘அழகான பேரு, என்ன அர்த்தம்’னு மட்டும்தான் கேட்டாங்க. பூன்னு சொல்லச் சொன்ன நீங்களே ஆறு, ரஷ்யா, எங்கப்பாவோட கட்சின்னு எல்லாத்தையும் கொட்டிட்டீங்க!”

“பயத்துல வாய் தானா ஓடிருச்சு. அவங்க சிரிச்சாங்களா, முறைச்சாங்களா?”

“அப்ரூவ் பண்ணி பாஸ்போர்ட்ல ஸ்டாம்ப் குத்தினாங்க. அதைக்கூடவா பாக்கல?”

அவன் வாசலிலேயே நின்று பாஸ்போர்ட்டைப் பிரித்தான்.